கேட்கிற விதத்தையும் பாருங்கள்
புலம்பெயர்ந்தோர் சுகாதார விவரம் தரத் தயங்குகிறார்கள் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. தயக்கம் உண்மைதான். ஆனால் விவரம் கிடைத்தால் என்ன தெரியவரும் என்பதற்குக் கனடாவின் ரொறொன்ரோ நகரமே சாட்சி. 2020 மே முதல் ஜூலை நடுப்பகுதி வரை கொரோனா தொற்றியவர்களிடம் இனம் கேட்டுப் பதிந்தார்கள். 83 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதோர். நகர மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 52 விழுக்காடுதான்! ஆனால் அந்தப் பதிவிலும் நகரின் ஸ்காபுறோப் பகுதித் தமிழர், பஞ்சாபியர், தென் அமெரிக்காவின் கயானாவில் இருந்து வந்த இந்திய வம்சாவளியினர் எல்லாரும் ஒரே இனப் பிரிவுக்குள்.

என் மாமியிடம் யாரோ போனில் "நீங்கள் எந்த இனம்?" என்று கேட்க, போருக்குப் பயந்து ஓடிவந்த மனுசி, உடனே போனை வைத்துவிட்டார். ஊர்ச் சங்கத்தில் தெரிந்த ஒரு பிள்ளை, ஏன் கேட்கிறோம் என்று தமிழில் விளங்கப்படுத்திக் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பார். கேள்விகளை எழுதும்போதே எங்கட ஆட்களையும் கூப்பிடுங்கள். முடிவுகளையும் எங்களிடமே கொண்டுவந்து சொல்லுங்கள்.