அண்ணாச்சியிடம் கொடுத்து வைத்த பணம்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வயல் வைத்திருந்த குடும்பங்களில் பலர் நெல் விற்ற பணத்தை முழுவதுமாக வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பிசானப் பருவத்து நெல்லை மில்லில் இறக்கிவிட்டு, உரக்கடைப் பாக்கிக்கும் அறுப்புக் கூலிக்கும் வேண்டியதை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு, "மிச்சம் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வருவார்கள். வங்கிப் புத்தகத்தில் பெயர் எழுதக் கூச்சப்பட்ட தலைமுறைக்கு மில் முதலாளியின் மேசை டிராயர்தான் வங்கி. அப்பா காலமான 2011ஆம் ஆண்டிலிருந்து என் அம்மாவும் அப்படித்தான் செய்துவந்தார். ஒவ்வொரு பூவிலும், அதாவது ஒவ்வொரு போகத்திலும், சேர்ந்தது 2023இல் 2,80,000 ரூபாயாக நின்றது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி; கோயில் கொடைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்குமாக வருடத்துக்கு இரண்டு தடவை 16,800 ரூபாய் வீதம் வாங்குவார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன், நாலு எழுத்து படித்தவன், இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட "கையெழுத்து வாங்கினியாம்மா?" என்று கேட்கவில்லை. இந்தப் பதிவில் நான் யாரையெல்லாம் குறை சொன்னாலும் முதல் குறை என்மேல்தான்.

2023 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மில் முதலாளி மாரடைப்பில் இறந்துபோனார். நல்ல மனிதர்; அம்மாவிடம் ஒரு ரூபாய் ஏமாற்றியதில்லை. துட்டி (துக்கம்) கேட்கப் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரும் வழியில், நான் மெதுவாகப் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டி வீட்டுல போயி துட்டு கேக்கச் சொல்லுதியாடே?" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்றோம், அப்புறம் பொங்கல் கழியட்டும் என்றோம், பிறகு பிசான அறுப்பு முடியட்டும் என்றோம். ஆறு மாதம் ஓடிவிட்டது. அந்த ஆறு மாதத்துக்குள் இருபது வருடமாகக் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். பழைய பேரேடுகள் எங்கே போயின என்று மில்லில் யாருக்கும் தெரியவில்லை.

நேரில் போய்க் கேட்டபோது மூத்த மகன் மரியாதையாகவே பேசினார். "அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போவலியே சார்வாள். தெனமும் யாராவது ஒருத்தர் வந்து, எனக்கு இவ்வளவு தரணும்னு நிக்காங்க. எதை நம்ப, எதை விட?" என்றார். அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் கண்ணை மூடியதும், கொடுத்தவர்களோடு சேர்ந்து கொடுக்காதவர்களும் வரிசையில் வந்து நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்த அறையின் சுவரில் அவருடைய அப்பாவின் படம் மாலையோடு தொங்கியது, வாசல் பலகையில் அப்பாவின் பெயர் இருந்தது, அரிசிச் சிப்பத்திலும் அதே பெயர்தான் அச்சாகியிருந்தது. பெயரை வைத்து வியாபாரம் செய்யலாம், அந்தப் பெயரை நம்பிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்பையில் (அம்பாசமுத்திரத்தை அப்படித்தான் சொல்வோம்) எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, எவ்வளவு பணம் என்பது இல்லை, "கடனாக் கொடுத்தீங்களா, கொடுத்து வச்சீங்களா?" என்றார். "கடன் குடுக்க நான் என்ன வட்டிக்காரியா? குடுத்துல்லா வச்சேன்" என்றார் அம்மா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் சிரித்தேன்; வழக்கறிஞர் சிரிக்கவில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இரண்டும் தனித்தனி. கேட்டபோது திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய கடனானாலும், கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். கேட்கும்போது தர வேண்டிய வைப்புத் தொகை என்றால், அந்த மூன்று ஆண்டு கொடுத்த நாளிலிருந்து ஓடாது, திருப்பிக் கேட்ட நாளிலிருந்துதான் ஓடும். 2011இல் கொடுத்த பணம் கடனாக இருந்திருந்தால், இடையில் வட்டி கொடுத்ததற்கோ பாக்கியை ஒப்புக்கொண்டதற்கோ உரிய காலத்துக்குள் எழுத்து இல்லாத பட்சத்தில், எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் பேச்சுவழக்கில் வைத்திருக்கும் "கொடுத்து வைப்பது" என்ற சொல்லுக்குள் இவ்வளவு சட்டம் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் இருந்த ஒரே ஆதாரம் எண்பது பக்கக் குறிப்பேடு. அதில் தேதியும் தொகையும் கணக்குப்பிள்ளையின் எழுத்தில் இருந்தன. நான்கு இடங்களில் மட்டும் முதலாளியின் சுருக்கொப்பம் இருந்தது. கடைசிச் சுருக்கொப்பம் 2023 கொடைக்கு வட்டி கொடுத்தபோது போட்டது. அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் வழக்கறிஞரின் முகம் தெளிந்தது.

அடுத்து, மில் யாருடையது என்பதைப் பார்க்கச் சொன்னார். அரிசி வாங்கிய பழைய பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசின் இணையதளத்தில் தட்டினால், அது தனிநபர் நிறுவனமா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா என்பது வந்துவிடுகிறது. கூட்டு என்றால் மிச்சமுள்ள பங்காளிகளைப் பிடிக்கலாம். கம்பெனி என்றால் முதலாளி இறந்தாலும் கம்பெனி சாவதில்லை. இது தனிநபர் நிறுவனம். அதாவது சட்டத்தின் கண்ணில் மில் என்று தனியாக ஒன்று இல்லை, அவர்தான் மில். அவர் போனபின் அவர் விட்டுச்சென்ற சொத்துதான் பதில் சொல்ல வேண்டும். மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த மகள் ஆகிய நால்வரும் அவரவர் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குப் பொறுப்பு. அதற்குமேல் அவர்கள் சம்பாதித்ததில் கைவைக்க முடியாது. "அப்பன் கடனைப் பிள்ளைதானே அடைக்கணும்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்பவர்களுக்காக ஒன்று: 2005 செப்டம்பர் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்கு, பிள்ளையின் தருமம் என்ற காரணத்தை மட்டும் சொல்லி மகன்மேல் போக முடியாது. ஆகவே மகனைத் திட்டுவதை விட்டுவிட்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். நாங்கள் போட்டுப் பார்த்தோம். மில் இடமும் இரண்டு வயலும் இறந்தவர் பெயரிலேயே இருந்தன.

போலீசுக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. இறந்தவர்மேல் குற்ற வழக்கு நிற்காது. பிள்ளைகள் நம்மிடம் பணம் வாங்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. பயமுறுத்திப் பணம் வாங்கலாம் என்ற யோசனை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை.

நால்வர் பெயருக்கும் தனித்தனியே, ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பினோம். மூத்தவரிடமிருந்து பதில் இல்லை. தூத்துக்குடியில் இருக்கும் மகள்தான் போன் செய்தார். "ஆச்சி பேரு அப்பா சொல்லி நான் கேட்டிருக்கேன், தொகைதான் தெரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ, இளையவர் தானாக வந்து குறிப்பேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

வழக்குப் போட்டிருந்தால் நீதிமன்றக் கட்டணமே கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று. 8,400 ரூபாய் ஆகியிருக்கும். அதோடு எத்தனை வாய்தா என்று யாருக்குத் தெரியும்? வழக்கறிஞரே அந்த வழியை விட்டுவிட்டு, அம்பை நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கச் சொன்னார். வழக்குத் தொடராமலே, கட்டணமும் இல்லாமல், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அங்கே உடன்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாக எழுதிவிட்டால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மூன்று அமர்வு நடந்தது. அசல் முழுவதையும் 70,000 வீதம் நான்கு தவணையாகத் தருவதாகவும், முதலாளி இறந்த பிறகான வட்டியை நாங்கள் விட்டுவிடுவதாகவும் முடிவானது. வட்டியை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அம்மாவுக்கு இல்லை, "செத்தவுகளுக்கு வட்டி போடக்கூடாது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

என் மனத்தில் இன்னும் உறுத்துவது அந்த முதல் ஆறு மாதம். கேட்பதை அவமரியாதை என்று நினைத்தோம். பதினாறாம் நாள் முடிந்த கையோடு, சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், "இப்படி ஒரு கணக்கு இருக்கு, பேரேட்டைப் பார்த்து வைங்க" என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்குப்பிள்ளையும் இருந்திருப்பார், பேரேடும் இருந்திருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் யார் உண்மை, யார் பொய் என்று பிரித்துப் பார்க்க வசதியாக இருந்திருக்கும். நாங்கள் காட்டிய மரியாதை அவர்களுக்கும் உதவவில்லை.

இரண்டு தவணை வந்துவிட்டது. இரண்டாவது தவணையை இளையவர் வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா பணத்தை எண்ணி முடித்தபின் அதே எண்பது பக்கக் குறிப்பேட்டை எடுத்து நீட்டி, தேதி போட்டு முழுக் கையெழுத்தாகப் போடச் சொன்னார். மூன்றாவது தவணை வரும் பிசான அறுப்பு முடிந்ததும் என்று எழுத்தில் இருக்கிறது.