அப்கிரேட் எந்த நாளில் என்பதை நான் முடிவு செய்கிறேனே

வெப் டிசைன் வேலையில் இருக்கும் யாரிடமாவது "புது வெர்ஷன் வந்துவிட்டதாமே" என்று சொல்லிப் பாருங்கள். "எதை எடுத்துவிட்டார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்பதெல்லாம் அப்புறம். அடிமேல் அடி வாங்கி வந்த பழக்கம் இது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பழசைப் பிடித்துத் தொங்குபவர்களின் புலம்பல் போலத் தெரியும். "புதுசுக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே?" பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். டேபிள் போட்டுப் பக்கம் அமைத்த காலத்தில் இருந்து ஃப்ளோட், ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்று புதுப்புது முறைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். மொபைல் வந்தபோது ஒரே டிசைனை நாலு அளவில் யோசிக்கப் பழகினோம். புதுசுக்குப் பயந்தவர் இந்தத் தொழிலில் ஆறு மாதம் தாங்க மாட்டார். என் எரிச்சலெல்லாம் ஒரே விஷயத்தில்தான். நான் எந்த நாளில் மாற வேண்டும் என்பதை என் வேலை முடிவு செய்ய வேண்டும். இப்போது அதை மென்பொருள் விற்பவரின் காலண்டர் முடிவு செய்கிறது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், வெப்சைட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஒரு போஸ்டர் அச்சுக்குப் போனால் அதோடு சரி. வெப்சைட்டை ஒப்படைத்த பிறகுதான் அதன் ஆயுளே ஆரம்பிக்கிறது. சில வருடம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு கிளையன்ட் திடீரென்று கூப்பிடுவார். "ஒரே ஒரு பட்டன் சேர்க்கணும், சின்ன வேலைதான்." உண்மையிலேயே சின்ன வேலைதான், மூல ஃபைல் (நாங்கள் வரைந்து, திருத்தும்படி வைத்திருக்கும் ஃபைல்) திறந்தால். திறக்கவில்லை என்றால் அந்தப் பட்டனுக்காக முழுப் பக்கத்தையும் முதலில் இருந்து வரைய வேண்டும். அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? கிளையன்ட்டிடம் கேட்டால், "நீங்கள்தானே செய்தீர்கள், உங்களிடமே இல்லையா?" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஃபயர்வொர்க்ஸ். வெப்சைட்டுக்கான படங்களை வெட்டி, சுருக்கி, பட்டன்களின் ஒவ்வொரு நிலையையும் வரைவதற்கென்றே மேக்ரோமீடியா செய்த மென்பொருள். 2005ல் மேக்ரோமீடியாவை, ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கியது, ஃபயர்வொர்க்ஸும் கூடவே போனது. 2013 மே மாதம் அடோபி இரண்டு விஷயங்களை அறிவித்தது. இனி எல்லாம் சந்தாதான், ஒரே தடவை காசு கொடுத்துப் பெட்டியில் வாங்கும் வெர்ஷன் சிஎஸ்6 என்ற தொகுப்போடு முடிந்தது. ஃபயர்வொர்க்ஸுக்கும் இனிப் புது வெர்ஷன் கிடையாது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் உடையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சிஎஸ்6 வாங்கி வைத்திருந்தவர்கள் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். அடி வேறு பக்கத்தில் இருந்து வந்தது. 2019ல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் எனும் பழைய வகை மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. ஃபயர்வொர்க்ஸும் அந்த வகைதான்; கம்ப்யூட்டரை அப்டேட் செய்த மேக்காரர்களுக்கு ஃபயர்வொர்க்ஸ் அதோடு போயிற்று.

இதில் வினோதம், ஃபைல்கள் இன்னும் திறக்கும். ஃபயர்வொர்க்ஸ் தன் மூல ஃபைலையே பிஎன்ஜி என்ற சாதாரணப் பட வடிவத்தில்தான் சேமிக்கும். லேயர், எழுத்து, நிழல், பக்கங்கள் எல்லாமே அந்த பிஎன்ஜிக்குள் ஒளிந்திருக்கும். பிரவுசரில் போட்டால் படம் அழகாகத் தெரியும். ஃபோட்டோஷாப்பில் திறந்தால் ஒரே தட்டையான படம்; எழுத்தைத் திருத்த முடியாது, பட்டனை நகர்த்த முடியாது. எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, சாவிதான் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அப்டேட் செய்யாத பழைய மேக் ஒன்றை மூலையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

அடோபியின் இன்னொரு மென்பொருளான மியூஸ் இன்னும் மோசம். கோடு (நிரல்) எழுதத் தெரியாத டிசைனர்களும் தாங்களே வெப்சைட் செய்யலாம் என்று சொல்லி 2012ல் வந்தது. நம்பி ஏராளமானவர்கள் போனார்கள், குறிப்பாக அச்சு வேலையில் இருந்து வந்தவர்கள். 2018 மார்ச்சில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது; 2020 மார்ச்சோடு ஆதரவும் முடிந்தது. இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்களே என்று கேட்கலாம். சரி, அவகாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மியூஸ் ஃபைலை வேறு எந்த மென்பொருளும் அப்படியே திறக்காது. அது வெளியே தள்ளும் ஹெச்டிஎம்எல்லை (வெப் பக்கத்தின் கோடு) வைத்து சைட் ஓடும், ஆனால் மனிதர் உட்கார்ந்து திருத்தும்படியான ஹெச்டிஎம்எல் இல்லை அது. கோடு தெரியாது என்பதற்காகத்தானே அவர்கள் அங்கே போனார்கள்!

பக்கத்திலேயே, வெப்சைட் செய்யும் இன்னொரு அடோபி மென்பொருளான டிரீம்வீவரை வைத்துப் பாருங்கள். அதன் டெம்ப்ளேட்டில் எந்தப் பகுதியைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே சாதாரண கமெண்ட் வரிகளாகத்தான் அது எழுதி வைக்கும். டிரீம்வீவரே நாளைக்கு இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். மூலத்தை வெறும் எழுத்தாக வைக்கிற மென்பொருளை நான் நம்புகிறேன், ஆயிரம் குறை இருந்தாலும்.

டிரீம்வீவரும் நம்மைச் சும்மா விட்டதில்லை. சர்வர் பிஹேவியர்ஸ் என்று ஒரு பேனல் இருந்தது. கிளிக் செய்துகொண்டே போனால் டேட்டாபேஸில் இருந்து விவரங்களை எடுத்துப் பக்கத்தில் காட்டும் பிஹெச்பி (சர்வரில் ஓடும் நிரல் மொழி) கோடை அதுவே எழுதித் தரும். எத்தனையோ சின்னச் சின்ன நிறுவனங்களின் சைட்டுகள் அப்படித்தான் உருவாயின. 2013ல் வந்த, சந்தாவில் கிடைக்கும் சிசி வெர்ஷனில் அந்தப் பேனலை ஓரங்கட்டிவிட்டார்கள். அது எழுதிய கோடு நம்பியிருந்த, டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை பிஹெச்பி 5.5 அதே வருடம் 'இனிப் பயன்படுத்தாதீர்கள்' பட்டியலில் சேர்த்தது. 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7ல் அந்த ஃபங்ஷன்களே இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு இரவில் பிஹெச்பியை மாற்றினால் காலையில் சைட்டில் பிழைச் செய்தியோ வெள்ளைப் பக்கமோதான் வரும். பழைய ஃபங்ஷன்களை நீக்கியதற்குக் காரணம் இருந்தது, தொழில்நுட்பரீதியாக அது சரியான முடிவுதான். ஆனால் அந்தக் கோடை எழுதியது டிசைனர் இல்லை, அவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். திருத்த வேண்டிய பொறுப்பு மட்டும் டிசைனர் தலையில்.

பெரிய உடைப்புகளை விட எனக்கு அதிக ஆத்திரம் வருவது சின்ன விஷயங்களில். தினமும் எட்டு மணி நேரம் ஒரே மென்பொருளில் வேலை செய்பவருக்குக் கைதான் நினைவு வைத்திருக்கும். அலைன் பட்டன் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது, கை தானாகப் போகும். அப்டேட் வந்த அன்று கை போகும், பட்டன் இருக்காது. அந்த இடத்தில் ஏஐ உதவியாளர் சிரித்துக்கொண்டிருப்பார்! 2024ல் டிசைன் மென்பொருளான ஃபிக்மா தன் முகப்பை மாற்றி, இரண்டு ஓரத்துப் பேனல்களையும் மிதக்க விட்டது. பயன்படுத்துகிறவர்கள் கொதித்தார்கள், அதே வருடத்திலேயே பேனல்கள் பழையபடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. கேட்டுத் திருத்தினார்கள், பாராட்டுகிறேன். ஆனாலும் இடைப்பட்ட மாதங்களில் டெட்லைனோடு மல்லுக்கட்டியவர்களின் நேரம் போனது போனதுதான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நான் பயன்படுத்தும் டிசைன் மென்பொருள் ஒன்று ஓசைப்படாமல் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டது. ஃபைலைத் திறந்தேன், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எழுத்து வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கணக்கிடும் முறையை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு பிக்சலோ இரண்டு பிக்சலோ கீழே இறங்கியிருக்கிறது. ஒரு வரியில் அது தெரியாது. நீளமான பக்கத்தில் கடைசிப் பத்திக்கு வரும்போது, மேலே இருந்து சேர்ந்த பிக்சல்கள் எல்லாம் கூடி பட்டன் மேலேயே எழுத்து ஏறி உட்கார்ந்திருந்தது. சரி, பழைய வெர்ஷனுக்கே போகலாம் என்று பார்த்தால், இடையில் ஒரு முறை சேமித்திருந்ததால் "இந்த ஃபைல் புதிய வெர்ஷனில் சேமிக்கப்பட்டது" என்ற பெட்டி வந்தது. ஓகே என்று ஒரே ஒரு பட்டன். அதில் ஓகே சொல்ல என்ன இருக்கிறது? நான் தினமும் நம்பியிருந்த பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றும் அதே அப்டேட்டில் செத்துப்போனது. அதைச் செய்தவருக்கு இப்போது வேறு வேலையாம். கஸ்டமர் சப்போர்ட்டில் கேட்டால் "புதிய அனுபவத்தை மேம்படுத்தி வருகிறோம், உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில். நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, உதவி கேட்டேன்.

இனி சந்தா. முன்பெல்லாம் அப்கிரேட் என்பது வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து எடுக்கும் முடிவு. ஒரு வெர்ஷனைத் தாண்டிவிட்டு அடுத்ததை வாங்குபவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் வாங்க மாட்டோம், அதுவே நிறுவனத்துக்கு நாம் சொல்லும் கருத்து. சந்தாவில் அந்தப் பிடி நம் கையை விட்டுப் போய்விட்டது. அப்டேட் நன்றாக இருந்தாலும் பணம் போகும், மட்டமாக இருந்தாலும் பணம் போகும். நிறுத்தினால் சொந்த ஃபைல்களையே திருத்த முடியாது. நிறுத்துவதாவது எளிதா என்றால் அதற்கும் வழக்கு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. மாதாமாதம் கட்டும் வருடாந்தர சந்தாவில், இடையில் நிறுத்தினால் விழும் கட்டணத்தைத் தெளிவாகக் காட்டாமல் மறைத்தது என்று குற்றம்சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய வெர்ஷனுக்கெல்லாம் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினால் அவர்களும் மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் மாற்றத்தையும் மரியாதையாகச் செய்யலாம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. வெப்சைட் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் 5.0 வெளியிட்டபோது எடிட்டரையே தலைகீழாக மாற்றியது. எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஆனால் பழைய எடிட்டரே வேண்டும் என்பவர்களுக்கு கிளாசிக் எடிட்டர் என்ற பிளகினையும் அவர்களே கொடுத்தார்கள். முதலில் 2021 வரைக்கும்தான் என்றார்கள், அப்புறம் அதையும் நீட்டினார்கள். மாற வேண்டிய நாளை அவரவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. ஸ்கெட்ச் என்ற டிசைன் மென்பொருள் 2016ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது: பணம் கட்டினால் ஒரு வருடத்துக்கு அப்டேட், அதற்கு மேல் கட்டாவிட்டாலும் அதுவரை வந்த வெர்ஷன் நம்முடையது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஏற்பாடு இந்தத் துறையில் வந்ததில்லை. பிற்பாடு அவர்களும் சந்தா பக்கம் சாய்ந்தார்கள் என்பது தனிக்கதை.

"ஒன்று போனால் இன்னொன்றுக்கு மாறு" என்பவர்களுக்கு, மாறிய இடத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர்வொர்க்ஸ் போனது, திரை டிசைனுக்கென்று அடோபியின் எக்ஸ்டி வந்தது. 2022 செப்டம்பரில் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதற்குள் எக்ஸ்டியில் புது வேலைகளை நிறுத்தி, வெறும் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். வாங்கவும் இல்லை, வைத்திருந்ததையும் வளர்க்கவில்லை. கிளையன்ட்டுக்கு மாதிரி காட்ட எத்தனையோ பேர் நம்பியிருந்த இன்விஷனும் 2024 கடைசியோடு கடையைச் சாத்திவிட்டது. எங்கே போய் மாறுவது?

இலவசமாகத் தாருங்கள், மாறவே மாறாதீர்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தும் பட்டன், ஏழு மெனுவுக்கு அடியில் இல்லாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மென்பொருளை மூடப்போகிறீர்கள் என்றால், போகும் முன் அதன் ஃபைல்களைப் பிறர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தக் கடைசி ஒன்று மட்டும் கிடைத்தால்கூட மற்றதில் பாதியை மன்னித்துவிடுவேன்.

அதுவரைக்கும் நான் செய்வது: பெரிய வேலை நடக்கும்போது எந்த அப்டேட்டையும் உள்ளே விடுவதில்லை. வேலை முடிந்ததும் மூல ஃபைலோடு எஸ்விஜி படங்கள், பிடிஎஃப், எழுத்துருக்களின் பட்டியல், நிறங்களின் எண்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு கிளையன்ட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மென்பொருள் மாற்றத்தால் மூல ஃபைல் திறக்காமல் போனால், திரும்ப வரையும் வேலைக்குத் தனிக் கட்டணம். யாரும் முகம் சுளித்ததில்லை. காரணத்தை விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள்.

எந்த மென்பொருள் வாங்கலாம் என்று அடிக்கடி இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். பெயர் சொல்ல எனக்குத் தயக்கம், இன்றைக்கு நான் சொல்வது நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. சோதனைக் காலம் கொடுத்தால் முதல் வேலையாக உங்களிடம் இருப்பதிலேயே பழைய, சிக்கலான ஃபைல் ஒன்றை அதில் இறக்கிப் பாருங்கள், பிறகு அதிலிருந்து வெளியே எடுத்தும் பாருங்கள். புது அம்சங்களைக் காட்டும் வீடியோவை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.