ஆறு நிமிட இருட்டு நமக்கில்லை

"2027 ஆகஸ்ட் 2-ம் தேதி சூரிய கிரகணத்தில் சென்னை ஆறு நிமிடம் இருண்டுவிடும், திருவொற்றியூர் பீச்சில் கடை போட இப்போதே இடம் பிடிங்க" என்று மேலே எழுதிய அண்ணனுக்கு: தேதி சரி, ஊர்தான் தப்பு. அந்த ஆறு நிமிடச் சொச்சம் எகிப்தின் லக்சர் பக்கம். நமக்குப் பகுதி கிரகணம் மட்டும்தான், அதாவது சூரியனில் ஒரு பங்குதான் மறையும். ஊர் இருட்டாகாது.

அப்புறம், அது சாயங்கால கிரகணம். சூரியன் மேற்கில் இருக்கும், நம் கடலோ கிழக்கே. பீச்சுக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடங்களுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும்! மேற்கே மறைக்காத மொட்டை மாடியே மேல். திங்கட்கிழமை வேறு. சுண்டலை அதிகமாக ஊறவைத்து நஷ்டப்படாதீர்கள்.

கிரகணம் பார்க்கும் கண்ணாடி விற்க நினைப்பவர்கள் ஐஎஸ்ஓ 12312-2 என்ற, சூரியனை நேரடியாகப் பார்ப்பதற்கான பாதுகாப்புத் தரம் உள்ளதை மட்டும் வாங்கி வையுங்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் தண்டையார்பேட்டை மாடியில் வடிதட்டைத்தான் வெயிலில் பிடித்தோம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழுந்தது. காசே செலவில்லை.