உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியில் பெண்களுக்கு ஒதுக்கீடு வந்துவிட்டதா?

“உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்கு இனி பெண்களுக்கே, வக்கீல் தொழிலில் பாகுபாடு ஒழிந்தது” என்று தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2024 மே 2 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு பிறப்பித்த உத்தரவைத்தான் யாரோ இப்படித் திரித்திருக்கிறார்கள். அது உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத் தேர்தலைப் பற்றியது. செயற்குழுவின் 9 இடங்களில் குறைந்தது 3, மூத்த செயற்குழு உறுப்பினர்களின் 6 இடங்களில் 2, நிர்வாகிகளில் ஒரு பதவி பெண்களுக்கு என்றது. அந்த முறை ஒதுக்கியது பொருளாளர் பதவியை. நல்ல உத்தரவுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் நீதிபதி நியமனம் வேறு விஷயம். உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்க வேண்டும். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் நியமனம் பற்றிய அரசியலமைப்பின் 124, 217-ஆம் பிரிவுகளில் ஒதுக்கீடு கிடையாது. தில்லியின் சாகேத், தீஸ் ஹசாரி நீதிமன்றங்களில் ஜூனியராக வழக்குக் கட்டுகளைச் சுமந்து அலையும் நம் பெண்களிடம் “இனி உனக்கென்ன குறை” என்று சொல்வது அநியாயம். 1950-ல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989-ல். வழக்கறிஞராக இருந்து நேரடியாக அங்கே நீதிபதியான முதல் பெண் இந்து மல்கோத்ரா, அதுவும் 2018-ல்தான். 2025 வரை தலைமை நீதிபதியாக ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை.