பட்ஜெட்டில் ஒரு செலவை மட்டும் வெட்டும் அதிகாரம் யார் கையில்?

அமெரிக்காவில் இருப்பது போல, சட்டசபை நிறைவேற்றிய பட்ஜெட்டில் வேண்டாத செலவை மட்டும் தனியாக அடித்துவிடும் அதிகாரம் இங்கேயும் இருந்தால் வீண் செலவு குறையும் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் புதுச்சேரிக்காரர்கள் இதற்குத் தலையாட்டக் கூடாது.

அங்கே 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கவர்னருக்கு இந்த அதிகாரம் உண்டு. அவர் மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த நாட்டு ஜனாதிபதிக்கோ இது கிடையாது. 1996-ல் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள், கிளிண்டன் மறுவருடமே 82 இனங்களை அடித்தார், 1998-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது.

நம் ராஜ்நிவாஸில் இருக்கும் துணைநிலை ஆளுநரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, டெல்லி அனுப்புகிறது. அவருக்கும் காகிதத்தில் இந்த அதிகாரம் இல்லைதான். ஆனால் 1963 யூனியன் பிரதேசச் சட்டத்தின் 44-வது பிரிவு இருக்கிறதே, அமைச்சரவையோடு கருத்து வேறுபாடு என்றால் ஆளுநர் அதை ஜனாதிபதிக்கு அனுப்பலாம், அங்கே சொல்வதுதான் முடிவு. கோப்பு நின்றால் திட்டமும் நின்றது. இலவச அரிசிக்கு அதுதான் நடந்தது. அரிசி கொடுப்போம் என்றது அன்றைய முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு, வங்கிக் கணக்கில் பணம் போடுங்கள் என்றார் அன்றைய ஆளுநர் கிரண் பேடி. 2019 பிப்ரவரியில் முதலமைச்சரும் அமைச்சர்களும் ராஜ்நிவாஸ் வாசலிலேயே படுத்தார்கள். கடைசியில் மத்திய அரசு ஆளுநர் பக்கமே நின்றது. ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். சிவப்பு அட்டை (ஏழைக் குடும்பங்களுக்கான ரேஷன் அட்டை) வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி வருவதும் வராததும் எவ்வளவு பெரிய விஷயம்! அதை முடிவு செய்தவர்களில் ஒருவர்கூட அவர்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. அரிசியா பணமா எது நல்லது என்று தாராளமாக வாதாடலாம், ஆனால் அந்த வாதம் நடக்க வேண்டிய இடம் சட்டசபை.

சரி, வீண் செலவை யார் வெட்டுவது? சட்டசபையேதான். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு துறை செலவுக்குக் கேட்கும் தொகையை, அதாவது மானியக் கோரிக்கையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதற்குக் கூட்டத்தொடர் பேருக்கு நடக்காமல் துறை துறையாக விவாதிக்கும் அளவுக்கு நாள் வேண்டும். அதோடு 44-வது பிரிவைத் திருத்த வேண்டும்: சட்டசபை பணம் ஒதுக்கிய திட்டத்தின் கோப்பை ஆளுநர் நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் சபைக்கு அனுப்பட்டும், 30 நாளில் பதில் வராவிட்டால் அமைச்சரவை முடிவே நடைமுறைக்கு வரட்டும். மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போடும் எல்லாக் கட்சிகளும் முதலில் இதைக் கேளுங்கள்.