தாரும் வேகன் ஆரும் ஒரே மலையில்

"எந்தக் கார் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். கொல்லிமலை போய் வந்ததிலிருந்து கை அரிக்கிறது.

மச்சானிடம் மகிந்திரா தார், மூன்று கதவு டீசல், ஃபோர் வீல் டிரைவ். என்னிடம் மாருதி வேகன் ஆர், 1.2 லிட்டர் பெட்ரோல். இரண்டு வண்டியிலுமாகக் குடும்பத்தோடு கிளம்பி, வழியில் சாவியை மாற்றிக்கொண்டோம்.

நெடுஞ்சாலையில் தார் ராஜாதான். 130 குதிரைத்திறன் என்பதைவிட, எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைக்கும் 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசைதான் விஷயம். லாரியை முந்தக் கியரைக் குறைக்க வேண்டியதில்லை, மிதித்தால் போதும். என் வண்டியில் டார்க் 113தான், அதுவும் எஞ்சின் 4,400 சுற்று சுற்றினால். முந்துவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏசியை அணைக்கும் பழக்கம்கூட எனக்கு உண்டு, சிரிக்காதீர்கள்.

ஆனால் எடையைப் பாருங்கள். தார் ஒன்றே முக்கால் டன் அளவில் இருக்கும். வேகன் ஆர் அதில் பாதிகூட இல்லை. டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்தால் தாருக்கு 74, என் 'டப்பா'வுக்கு நூறுக்கும் மேல். ஊருக்குள் சிக்னலிலிருந்து அது துள்ளிக்கொண்டு கிளம்புவதன் ரகசியம் இதுதான்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் இருபதைத் தாரில் ஏறினேன். இழுவைக்குக் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி சாய, பின்னால் இருந்த பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டார்கள். அப்புறம் வேகன் ஆருக்கு மாறினேன். அதுவும் உயரமான வண்டிதான், சாயத்தான் செய்தது. ஆனாலும் 4.7 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடுவதால், எதிரே பேருந்து வந்தபோதுகூடப் பதற்றம் இல்லை. முதல் கியரில் முனகியது, அவ்வளவுதான்.

முழங்கால் வலிக்காரரான அம்மா தாரில் ஏறவே இல்லை. பின்சீட்டுக்கு முன்சீட்டைச் சாய்த்துத்தான் நுழைய வேண்டும், அது பிள்ளைகளுக்கு விளையாட்டு, அம்மாவுக்கு முடிகிற காரியமா? திரும்பும்போது வாங்கிய பலாப்பழம், அன்னாசி, மலைவாழை எல்லாம் வேகன் ஆரின் 341 லிட்டர் டிக்கிக்கே வந்தன. இதே வண்டியைச் சிஎன்ஜியில் வாங்கியிருந்தால் அந்த இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கட்சிக்கு வாதமே இல்லை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் 2020-இல் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. வேகன் ஆருக்கு 2023-இல் கிடைத்தது ஒன்று. டிக்கி, மைலேஜ் என்று பெருமையாக அடுக்கிக்கொண்டே வருபவன் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவேன். நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டாமல் ஓட்டுகிறேன். அது பதில் ஆகாது என்று எனக்கே தெரியும்.

அதனால் என்னைக் கேட்டால், மாதத்தில் பாதி நாள் வெளியூர் ஓடுபவர், கரடுமுரடான தோட்டத்துப் பாதை உள்ளவர் தாரைப் பார்க்கட்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்து, தெரு குறுகலாகவும் இருந்தால் வேகன் ஆர்தான். ஒரே கார்தான் வாங்க முடியும் என்ற நிலையில் தாரை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

தாரின் இன்னொரு பெருமை, 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் போகும் என்பது. 2024 அக்டோபரில் சென்னைக்கு மழை எச்சரிக்கை வந்ததும், வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரையும் போல நானும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தப் போனேன். எனக்கு நான்கு வண்டி முன்னால் மச்சானின் தார்.

"என்ன மாப்பிள்ளை, இது தண்ணியிலேயே போகுமே?"

"போகும் மாமா. விடிய விடிய தண்ணியிலே நிக்கணும்னா?"