காருக்கு 40 வயதானால் வரி தானாக நிற்காது

பழைய கார்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 40 வயதான காருக்குச் சாலை வரி தானாகவே போய்விடும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் அப்படி இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 1986 ஜனவரி 1-க்கு முன் தயாரான காருக்கு 2026 ஏப்ரல் 1 முதல் விலக்கு. தயாரான தேதி தெரியாவிட்டால், 1986 ஜனவரி 8-க்கு முன் பதிவாகியிருந்தாலே போதும்.

சிக்கல் வருவது 1986 பிப்ரவரியில் பதிவான கார்களில்தான். 1985 டிசம்பரிலேயே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கும், ஆனால் வி5சி லாக் புத்தகத்தில் (காரின் பதிவு ஆவணம்) அது தெரியாது. பழைய மினி, எம்ஜி போன்ற கார்களுக்கு, கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழில் தயாரித்த நாள் இருக்கும். அதைக் காட்டினால் ஒரு வருட வரி மிச்சம்.

வரி முடியும் தறுவாயில் என்றால், வாகன வரி பார்க்கும் தபால் நிலையத்துக்கு உங்கள் பெயரிலுள்ள வி5சி-யோடு போங்கள். செல்லுபடியாகும் எம்ஓடி சான்றும் (கார் ஓடத் தகுதியானது என்ற வருடாந்திரச் சோதனைச் சான்று) வேண்டும். எம்ஓடி விலக்கு இருந்தால், அதை அறிவிக்கும் வி112 படிவம். வரி விலக்கும் எம்ஓடி விலக்கும் ஒன்றல்ல: கடந்த 30 ஆண்டுகளில் எஞ்சின், சேஸி என்று பெரிதாக மாற்றிய காருக்கு எம்ஓடி விலக்கு போய்விடலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் காருக்கு வரி விலக்கே கிடையாது.

விலக்கு கிடைத்தபின்னும் வருடாவருடம் பூஜ்ஜியம் பவுண்டுக்கு வரி புதுப்பிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அபராதக் கடிதம் வந்துவிடும்.